தோற்பாவை நிழற்கூத்து: நாடோடிக் கலையும் ஆவணப்படமும்

தோற்பாவை நிழற்கூத்து என்பது பதம் செய்த ஆட்டுத்தோலில் உருவங்களை வெட்டி, வர்ணம் தீட்டி, வெள்ளைத் துணித்திரைக்குப் பின்னே விளக்கொளியில் ஆட்டிக் கதை நிகழ்த்தும் கலையாகும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் தெற்கே குமரிமுனை வரையிலும் இதனைக் குலத்தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர் கணிகர் எனப்படும் வகுப்பினர். வீட்டில் மராத்தி பேசி, திரைக்குப் பின்னே அமர்ந்தவுடன் தமிழில் இராமகாதை சொல்லும் இவர்கள், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சையில் மராட்டிய அரசு நிலைபெற்ற பின் இங்கு வந்து சேர்ந்தவர் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. ஆடவர் பெயரோடு ஒட்டிவரும் ‘ராவ்’ என்னும் விகுதி அதற்கு ஒரு சாட்சி. கன்னட நாட்டில் இதே தொழிலைச் செய்யும் கிள்ளேக்யாதரும் மராத்தியின் கிளைமொழி ஒன்றையே பேசுவது மற்றொரு சாட்சி.

அலைந்து திரிவோரின் பூர்விகத்துக்கு மொழி இப்படிச் சாட்சி சொல்வது புதிதல்ல. ஐரோப்பாவில் ஜிப்ஸிகள் என்று இகழப்பட்ட ரோமா மக்களின் பூர்விகம் இந்தியாவே என்பதை, அவர்களது முகச்சாயலோ நடனமோ தெளிவாக்காத காலத்தில், 18ஆம் நூற்றாண்டு அறிஞர்களுக்கு அவர்களது மொழியே காட்டிக்கொடுத்தது. அந்த மக்களின் இசையையும் ஆட்டத்தையும் இராஜஸ்தானத்து மணல்வெளியில் தொடங்கி ஸ்பெயின் வரை பின்தொடர்ந்து, வருணனைக் குரல் இன்றிப் பாட்டினாலேயே கதை நடத்திய டோனி காட்லிஃபின் ‘லாட்சோ ட்ரோம்’ என்னும் படம் 1993இல் வெளிவந்தது. நம் கூத்தரைப் பற்றிய படங்களை அளக்க அதனை ஒரு முழக்கோலாக வைத்துக்கொள்ளலாம்.

கூத்தின் அமைப்பை அருகிருந்து பார்த்தாலன்றி அதன் அருமை விளங்காது. மயிர் நீக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி உலர்த்திய தோலில், முடியும் ஆரமும் அமைய வேண்டிய இடங்களில் சிறு துளைகள் இடுவர். விளக்கு பின்னால் எரியும்போது அத்துளைகளே இரத்தினங்களாகச் சுடர்விடும். இராமனும் இராவணனும் அனுமனும் பேசும் பேச்செல்லாம் பெரும்பாலும் ஒரே மனிதனின் தொண்டையிலிருந்து பிறப்பவை. பாவைகளை ஆட்டுவதும் அவன் கைகளே. மனைவியும் மக்களும் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா ஆகியவற்றோடு பக்கத்தில் இருப்பர். மடியில் கைக்குழந்தை உறங்குவதும் உண்டு. கதை தளரும் இடத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிடுவர். ஊர்ப் பெரியதனக்காரரையும் கடன்காரரையும் கேலி செய்ய இவ்விரு கோமாளிகளுக்கு மட்டுமே உரிமையுண்டு. கூட்டமும் அவர்களுக்காகத்தான் விழித்திருக்கும் என்று சொன்னால் இராமபிரான் கோபித்துக்கொள்ள மாட்டார். இராமாயணம் பத்து இரவுகள் வரை நீளும்; நல்லதங்காள் கதை, அரிச்சந்திரன் கதை ஆகியனவும் உண்டு. இராமகாதை நடந்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கையால், வானம் பார்த்த பூமியில் இக்கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு வந்தது.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியிலோ, பகவதி கோயிலின் கூத்துமாடத்தில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பராமாயணத்தை ஆதாரமாகக் கொண்டு புலவர்கள் ஆடுகின்றனர். அவர்களுக்குக் கோயில் ஆதரவு. நம் கணிகருக்கோ ஒரு மாட்டுவண்டியும் பாவைப்பெட்டியுமே சொத்து.

எண்ணெய் விளக்கு போய்ப் பெட்ரோமாக்ஸும், அதுவும் போய் மின்விளக்கும் வந்தன. டூரிங் டாக்கீஸ் சிற்றூர்களுக்குள் புகுந்ததும், 1952இல் மதுரையில் தங்கம் திரையரங்கு ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்டு அதன் பிரம்மாண்டம் ஊர்ப்பேச்சானதும், வெள்ளைத்துணியில் ஒளி வீழ்த்திப் பிழைத்தவர்களை மற்றொரு வெள்ளைத்துணி ஓரங்கட்டிய காலத்தின் அடையாளங்கள். சினிமாப் பாட்டைக் கூத்தின் நடுவே சேர்த்தும், முடிவில் ரெக்கார்டு டான்ஸ் வைத்தும் பல குழுக்கள் சமாளித்தன. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று பட்டணத்தார் பழித்தனர், அரிசி விலை அவர்களுக்குத் தெரியாததல்ல.

மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தோற்றுவித்த மு. இராமசுவாமி இக்கூத்தை ஆராய்ந்து நூலெழுதினார். குமரி மாவட்டத்துக் கூத்தரை அ. கா. பெருமாள் விரிவாகப் பதிவு செய்தார். படக்கருவியோ பிந்தியே வந்தது. சிறு படங்களில் இக்கலையை அடக்க முனைந்தவர் பெரும்பாலும் திரைக்கு முன்னே கருவியை நாட்டி, நிழலின் அழகைக் காட்டி, ‘அழிந்துவரும் கலை’ என்று ஒரு குரல் இரங்க முடித்துவிடுவர். அவற்றுள் ஆடுபவனின் முகம் அகப்படுவதே அரிது.

ஆர். வி. ரமணியின் ‘நீ எங்கே’ (2003) இம்மரபிலிருந்து விலகியது. தாமே ஒளிப்பதிவாளரான அவர், தென்னாட்டு நிழற்பாவைக் கலைஞரைத் தேடி அலைந்த தம் பயணத்தையே படமாக்கினார். கலையை விட்டுக் கலைஞரின் வாழ்வுக்கு அக்கருவி நகர்ந்தது. படத்தின் பெயரே ஒரு கேள்வியாக இருப்பது பொருத்தம்: தேடப்படுபவர் யார் என்பது கூத்தருக்கும் தேடுபவருக்கும் ஒருங்கே உரிய கேள்வி. காட்லிஃபுக்குப் பாட்டு எப்படியோ, ரமணிக்குச் சந்திப்பு அப்படி. நிழற்கூத்தரைப் பற்றிய படங்களுள் முதலில் பார்க்கத்தக்கது இதுவே என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

எனினும் எந்தப் படமும் பத்து இரவுக் கூத்துக்கு ஈடாகாது. தம் ஊர்ப்பக்கம் கூத்துக்காரர் கொட்டகை போட்டிருப்பதாகக் கேள்விப்படும் வாசகர், ஓரிரவு திரைக்கு முன்னும் மறு இரவு அனுமதி கேட்டுத் திரைக்குப் பின்னும் உட்கார்ந்து பார்ப்பாராக.