இரும்பின் மேடு பள்ளம்

லேத்தில் ஒரு தண்டு கடைந்து முடிந்ததும் கைதேர்ந்த தொழிலாளி என்ன செய்வார்? நகத்தை அதன்மேல் மெல்ல ஓட்டிப் பார்ப்பார். கனத்துக்கு மைக்ரோமீட்டர் உண்டு, வழவழப்புக்கு நகம்தான். உலகத்துப் பட்டறைகளில் வெகுகாலம் இதுவே வழக்கம். ஆனால் ஓர் ஊரில் செய்த பிஸ்டன் வேறோர் ஊரில் செய்த சிலிண்டருக்குள் ஓட வேண்டிய காலம் வந்தபோது, நகத்தின் தீர்ப்பைக் காகிதத்தில் எழுதி அனுப்ப வழியில்லை.

1929-இல் ஜெர்மனியில் குஸ்டாவ் ஷ்மால்ட்ஸ் என்பவர் ஒரு கூரிய ஊசியைப் பரப்பின்மேல் இழுத்து, அதன் ஏற்ற இறக்கத்தை ஒளிக்கதிரால் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கிப் படமாகப் பதிவு செய்தார். 1930-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் அபட் அந்த அசைவை மின்சாரமாக்கினார். 1941-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டெய்லர் ஹாப்சன் கம்பெனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ரீஸன் அமைத்த டாலிசர்ஃப் வந்தது. அது கோடும் வரைந்தது, எண்ணும் சொன்னது.

கோட்டைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். கண்ணாடிபோல் மின்னிய இரும்பா இப்படி ஈட்டிமுனைகளாக நிற்கிறது! இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. உயரத்தை 5,000 மடங்கும் நீளத்தை 100 மடங்கும் பெருக்கினால், 50 அடி நடந்து 1 அடி ஏறுகிற சாதுவான மேடுகூடக் காகிதத்தில் 45 டிகிரி செங்குத்தாக நிமிர்ந்துவிடும். உள்ளபடி பார்த்தால் அவை பெரும்பாலும் வண்டி ஏறக்கூடிய குன்றுகளே.

எண்ணின் கதை இதைவிட மோசம். மேடு பள்ளங்களுக்கு நடுவே ஒரு கோடு கிழித்து, அதிலிருந்து ஒவ்வோர் இடமும் விலகி நிற்கும் தூரத்தைச் சராசரி பார்க்கிறார்கள். மேலே விலகினாலும் கீழே விலகினாலும் கணக்கு ஒன்றே. சமதரையில் வெட்டிய வாய்க்கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே தலைகீழாகக் கவிழ்த்தால் சமதரையில் வரப்புகள். சராசரிக்கு இரண்டும் ஒன்றுதான். சிலிண்டர் சுவரிலோ, வாய்க்கால் எண்ணெயைத் தேக்கி வைத்துப் பிஸ்டன் வளையத்தைக் காக்கும். வரப்பு அதை அராவித் தள்ளும். நகமாவது முனை எது, பள்ளம் எது என்று ஒருவாறு கண்டிருக்கும் என்பது என் எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், இது முன்னமே தெரிந்த விஷயம். 1933-இலேயே அபட்டும் ஃபயர்ஸ்டோனும் வேறொரு வழி சொல்லியிருந்தார்கள். பரப்பை உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போனால், எந்த ஆழத்தில் எவ்வளவு உலோகம் பாரம் தாங்க நிற்கும்? அதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். வரைபடத்தின் மூலையில் எழுத ஒற்றை எண் வசதியாக இருந்தது, வளைகோடு பின்தங்கிவிட்டது. அதை உச்சி, நடு, பள்ளம் என்று மூன்றாகப் பகுத்து, மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்த சர்வதேசத் தரவிதி 1996-இல் வெளிவந்தது. அதற்குள் 63 வருஷங்கள் ஓடிவிட்டன.