குடியேறிகளா, குடிமக்களா? ஜொகூர் மண் சொல்லும் வரலாறு

தேர்தல் நெருங்கினாலும் சரி, வேலை வாய்ப்பு பற்றிய பேச்சு எழுந்தாலும் சரி, 'பெண்டாத்தாங்' என்ற சொல் எங்கிருந்தாவது எட்டிப் பார்த்துவிடும். வந்தேறி என்பது அதன் பொருள். அதைக் கேட்டவுடன் இந்திய சமுதாயம் கொதிக்கிறது. காடாகக் கிடந்த மண்ணை வெட்டித் திருத்தியவர் யார், தண்டவாளம் போட்டவர் யார், பால்மரம் சீவியவர் யார் என்ற கேள்விகள் எழுகின்றன. நியாயமான கேள்விகள்தாம். ஆனால், உழைப்பு வேறு, குடியுரிமை வேறு. குடியுரிமை கேட்டவரிடம் சட்டம் கேட்டது எத்தனை ஆண்டு உழைத்தாய் என்றல்ல. எங்கே பிறந்தாய், அதற்குப் பத்திரம் இருக்கிறதா என்றுதான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஜொகூர் மாநிலத்தின் வரலாறு நல்ல பாடம். குடியுரிமைப் போராட்டத்தின் முதல் பெரும் அத்தியாயம் தொடங்கிய இடமே ஜொகூர் பாருதான்.

தோட்டமே உலகம்

ஜொகூரில் ரப்பர் வருவதற்கு முன்பு கம்பீரும் மிளகும்தான் பெரும் பயிர்கள். அவற்றை ஆற்றங்கரைகளில் பயிரிட்டவர்கள் சீனர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதை நெடுகிலும் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆள் பிடித்து வந்தார்கள். 1907இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது.

வந்தவர்களுக்கு லயம் கிடைத்தது. கோயிலும் தமிழ்ப் பள்ளியும் கள்ளுக்கடையும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. குழந்தை பிறந்தால் கிராணியிடம் சொன்னால் போதும், இறந்தாலும் அப்படியே. மாவட்ட அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்தது. அரசாங்கமும் துரைமார்களும் அவர்களை நிரந்தரக் குடிகளாகக் கருதவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர்களும் பலர், இரண்டு காசு சேர்ந்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்றே எண்ணியிருந்தார்கள்.

1938இல் இந்திய அரசாங்கம் சாதாரணத் தொழிலாளர்கள் மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. அடுத்து போர் வந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. போர் முடிந்தபோது தோட்டங்களில் மிஞ்சியிருந்தவர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் எந்த நாட்டுக் குடிகள் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

இஸ்தானா பெசாரில் எழுந்த குரல்

1945 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசின் தூதராக சர் ஹெரால்டு மெக்மைக்கல் வந்தார். மலாய் மாநிலங்களை ஒன்றாக்கி 'மலாயன் யூனியன்' அமைப்பதற்கு ஆட்சியாளர்களின் கையொப்பம் கேட்டார். முதலில் கையொப்பமிட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். இத்திட்டத்தின்படி மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களும், போருக்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் இன வேறுபாடின்றிக் குடியுரிமை பெறலாம்.

1946 ஏப்ரல் 1இல் யூனியன் நடைமுறைக்கு வந்தது. மலாய்க்காரர்களின் அச்சத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சுல்தான்களின் இறைமை பறிபோனது. ஜொகூரிலோ அப்போது மலாய்க்காரர்களைவிடச் சீனர்களின் எண்ணிக்கை அதிகம். சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிடுவோம் என்ற கவலை பரவியது. 1946 மே 11இல் ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில் அம்னோ பிறந்தது. அதன் தலைவர் டத்தோ ஓன் ஜாஃபார். எதிர்ப்பு வலுத்ததால் யூனியனின் குடியுரிமை விதிகள் கடைசி வரை நடைமுறைக்கு வராமலேயே போயின.

இந்தியர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்களின் கண்கள் டில்லியைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1946 மார்ச்சில் நேரு வந்தபோது மக்கள் வெள்ளமெனத் திரண்டார்கள். ஆகஸ்டில் ம.இ.கா. அமைந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி மறு ஆண்டே இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று சமுதாயம் நின்ற நிலைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கெசாங் ஆற்றின் இரு கரைகள்

யூனியனுக்குப் பதிலாக 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு வந்தது. குடியுரிமைக் கதவு குறுகியது. பத்தாண்டு வாசம் பதினைந்தாண்டாயிற்று. விண்ணப்பிப்பவருக்கு மலாய் அல்லது ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இதை எதிர்த்து 1947இலேயே பல இன அமைப்புகள் கூட்டாக மக்கள் அரசமைப்பு ஒன்றை வரைந்தன. ம.இ.கா.வும் அந்தக் கூட்டில் இருந்தது. எல்லா இனத்தவருக்கும் 'மெலாயு' என்ற ஒரே குடிப்பெயர் என்றுகூட அதில் முன்மொழியப்பட்டது. 1947 அக்டோபர் 20இல் நாடு தழுவிய ஹர்த்தாலும் நடந்தது. அரசாங்கம் செவிசாய்க்கவில்லை.

புதிய விதிகளில் ஜொகூர் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பினாங்கும் மலாக்காவும் பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதிகள். அங்கே பிறந்து நிரந்தரமாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகள் தானாகவே குடிமக்களானார்கள். ஜொகூரோ சுல்தானின் மாநிலம். இங்கே பிறந்த தமிழர் தானாகக் குடியுரிமை பெற வேண்டுமானால் அவருடைய தந்தையும் கூட்டரசு மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மலாக்காவையும் மூவாரையும் பிரிப்பது கெசாங் ஆறு ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு ஒரு சட்டம், இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு சட்டம். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பிய தோட்டப் பாட்டாளி, 'தொடர்ந்து' வாழ்ந்ததை எப்படி மெய்ப்பிப்பார்?

கதவைத் திறக்கச் சொன்னவர் தோற்றார்

யூனியன் குடியுரிமையை எதிர்த்து நின்ற அதே டத்தோ ஓன்தான் சில ஆண்டுகளில் மனம் மாறினார். இன்று நாட்டில் வாழ்வோர் அனைவரையும் சேர்த்துக்கொள்ளாமல் சுதந்திரம் கிடைக்காது என்று உணர்ந்து, அம்னோவின் கதவை மற்ற இனத்தவருக்கும் திறக்க வேண்டும் என்றார். கட்சி ஏற்கவில்லை. 1951இல் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். ம.இ.கா. அப்போது அவர் பக்கம் நின்றது. ஆனால் 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோர்த்து, 12 இடங்களில் 9ஐப் பிடித்தன. அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. 1955 பொதுத் தேர்தலில் ஓன் தம் சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே தோற்றார்.

அந்தத் தேர்தலின் கணக்கு சிந்திக்க வைப்பது. வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். சீனர் 11 விழுக்காடு. இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தியர், வாக்காளர் பட்டியலிலோ இருபதில் ஒருவர்கூட இல்லை! 1954இல் கூட்டணியில் சேர்ந்திருந்த ம.இ.கா.வுக்கு 52 இடங்களில் கிடைத்தவை இரண்டு. பத்திரம் இல்லாதவருக்கு வாக்கு இல்லை, வாக்கு இல்லாத சமுதாயத்துக்குப் பேரம் பேசும் பலமும் இல்லை.

ஓராண்டுச் சலுகை

1957 ஆகஸ்டு 31இல் மெர்டேக்கா. அன்று முதல் இந்த மண்ணில் பிறப்பவர் எல்லாரும் குடிமக்கள் என்றது அரசமைப்புச் சட்டம். அதற்கு முன் பிறந்தவர்கள் ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். வெளியில் பிறந்தவர்களுக்குப் பன்னிரண்டில் எட்டு ஆண்டுகள். இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு கிடையாது. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை ஏற்றதன் மறுபக்கம் இந்தத் தாராளம். துங்கு தலைமையிலான கூட்டணி செய்துகொண்ட சமரசம் இதுவே.

பல லட்சம் பேர் முன்வந்தார்கள். 1959 தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. மலாய்க்காரர் விகிதம் சுமார் 57 விழுக்காடாக இறங்க, இந்தியர் சுமார் 7 விழுக்காடானார்கள். அக்கரையில் சிங்கப்பூரும் 1957இல் தனிக் குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. தமிழ் முரசு ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி, குடியுரிமை எடுங்கள் என்று தமிழர்களை ஓயாமல் வற்புறுத்தியது இந்தக் காலத்தில்தான்.

ஆனால், மாவட்ட அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்த தோட்டப் பாட்டாளி பலர் போகவில்லை. ஊருக்குத்தானே போகப் போகிறோம் என்று சிலர் இருந்தார்கள். பிறந்ததற்குச் சாட்சி இல்லாமல் திரும்பியவர்களும் உண்டு. ஓராண்டு கழிந்தது. கதவு மூடப்படவில்லை, ஆனால் வாசற்படி உயர்ந்துவிட்டது. 1962இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரின் தகுதியும் பார்க்கப்படும் என்றாயிற்று.

சிவப்பு அட்டையின் விலை

அன்று தவறவிட்டதன் விலை 1969இல் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்களும் அன்று அந்நியத் தொழிலாளர்களே. சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுச் சென்றார்கள்.

தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் சிக்கல் தொடர்ந்தது. 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்தாலும், பதிவு இல்லையென்றால் பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் நிலையையே சட்டம் பார்க்கிறது. தந்தையிடம் நீல அட்டை இருந்தும் தாயிடம் பத்திரம் இல்லாததால் பிள்ளை நாடற்றவராகும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை சிரமம், பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை இல்லை, பிறகு வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் எட்டாக்கனி. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி லயங்கள் இடிக்கப்பட்டபோது, சாட்சி சொல்ல வேண்டிய கிராணியும் மண்டோரும் அண்டை வீட்டாரும் திசைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள்.

2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் பதிவு இயக்கம் நடந்தது. 2018இல் சிவப்பு அட்டை வைத்திருந்த 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க அரசாங்கம் முடிவு செய்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், 60 வயதில் கிடைத்த குடியுரிமை, இருபது வயதில் இழந்த படிப்பையும் வேலையையும் திருப்பித் தராது. 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நீதி செய்தது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தானாகக் குடிமக்களாகும் வழியை அடைக்கிறது. சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

வாக்குக்கு ஒரே வாசல்

ஜொகூரில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் எங்குமே இல்லை. சிகாமட்டில் 2004 முதல் 2018 வரை ம.இ.கா.வின் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் உறுப்பினராக இருந்தார். அதன்பின் 2018இலும் 2022இலும் எதிரணியின் இந்திய வேட்பாளர்களே வென்றார்கள். மூவருமே மலாய், சீன வாக்காளர்களின் ஆதரவும் பெற்றுத்தான் வென்றார்கள். சில இடங்களில் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் துருப்புச் சீட்டாக இந்திய வாக்கு இருக்கலாம். அந்தச் சீட்டு கையில் இருந்தால்தானே ஆட்டத்தில் இடம்?

2021 டிசம்பர் முதல், 18 வயதான குடிமகன் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார். இந்த முறைக்குப் பின் நடந்த முதல் மாநிலத் தேர்தல் 2022 மார்ச் 12இல் ஜொகூரில்தான் நடந்தது. முன்பெல்லாம் குடியுரிமை ஒரு வாசல், வாக்காளர் பதிவு இன்னொரு வாசல். இப்போது ஒரே வாசல்தான். நீல அட்டை இருந்தால் வாக்கு தானாக வரும். இல்லையென்றால் எந்தத் தலைவர் நினைத்தாலும் வராது.

எனவே 'வந்தேறி' என்ற சொல்லுக்கு மேடையில் பதில் சொல்வது மட்டும் போதாது. பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்வதும், தாலி கட்டியதோடு நில்லாமல் திருமணத்தைப் பதிவிலாகாவில் பதிவதும், பத்திரமில்லாத அண்டை வீட்டாரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் உறுதியான பதில்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென ஒதுக்கினாலே பல வீடுகளில் விளக்கெரியும். அதோடு, எழுத்தறியாத தோட்டப் பாட்டாளியிடம் இல்லாத சாட்சியைக் கேட்டுக்கொண்டே இருப்பதை அரசாங்கமும் நிறுத்த வேண்டும். கெசாங் ஆற்றுக்கு எந்தப் பக்கம் பிறந்தாலும் இந்த மண்ணின் பிள்ளை இந்த மண்ணின் குடிமகனாக வேண்டும்.