கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

நான் பொங்கலூர்க்காரன். எங்க பக்கம் பனியன்ல ஓட்டை இருந்தா செக்கிங்ல மாட்டிக்கும், செகண்ட்ஸ் விலைக்குப் போயிடும். அதே ஓட்டை காண்டம்ல இருந்தா? ஒரு பெண்ணோட வாழ்க்கையே மாறிடும்.

1968-ல் 'நிரோத்' வந்தப்போ மூணு 15 காசு, சரக்கு இறக்குமதி. 1969-ல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில், ஜப்பானின் ஒகமோட்டோ தொழில்நுட்பத்தோடு, அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் லேடக்ஸ் உற்பத்தியை ஆரம்பித்தது.

வேலை கேட்க ஈஸி. கண்ணாடி அச்சை ரப்பர் பாலில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்கணும். ஆனால் பாலில் ஒரு காற்றுக்குமிழி, அச்சில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு போதும், அந்த இடத்தில் ரப்பர் ஒட்டாது. நாங்க 'பக்' தேடுற அதே புத்திதான் இங்கேயும்: ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வந்தா அச்சைக் கழுவு, எல்லா அச்சிலும் சிதறி வந்தா பாலைப் பார். வேகமா கலக்கியிருப்பாங்க, இல்ல அச்சை வேகமா இறக்கியிருப்பாங்க. பாலை அசையாம வச்சா குமிழி மேலே வந்துடும்.

அப்படியும் தப்பிக்கிற ஓட்டையைக் கரண்ட் பிடிக்கும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாதே! உலோக அச்சில் மாட்டி மின்னழுத்தம் கொடுப்பாங்க. கரண்ட் பாய்ந்தா அது கழிவு. அதுக்கும் மேல, ஒவ்வொரு லாட்டிலும் சிலதை எடுத்து 300 மில்லி தண்ணீர் ஊற்றி கசிவு பார்ப்பாங்க. அதில் பாஸானதையும் விற்க மாட்டாங்க.