கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்

பல்லிலும் எலும்பிலும் உள்ள குழிகளை நிரப்பும் பொருள். பற்சிதைவில் பல் இழக்கும் தாதுவை மீட்கும் வழி தேடிய வால்டர் பிரவுனும் லாரன்ஸ் சோவும் 1980களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் இதை உருவாக்கினர். டெட்ராகால்சியம் பாஸ்பேட், டைகால்சியம் பாஸ்பேட் பொடிகளை நீர்விட்டுக் குழைத்தால், உடல் வெப்பத்திலேயே கரைந்து, பல்லுக்கும் எலும்புக்கும் ஆதாரமான ஹைட்ராக்சிஅபடைட்டை ஒத்த நுண்படிகங்களாகப் பின்னி இறுகும். இதன் உண்மையான பலம் உறுதியல்ல, இந்த ஒப்புமையே. எலும்பில் பயன்படும் மற்றொரு வகையான அக்ரிலிக் சிமென்ட் இறுகும்போது கடுமையாகச் சூடேறும். எலும்புக்கு என்றும் அந்நியமாகவே நிற்கும். இதையோ எலும்புச் செல்கள் மெல்லக் கரைத்து, அவ்விடத்தில் புது எலும்பை வளர்க்கின்றன.

வளைத்தால் நொறுங்கும், இறுகுமுன் ரத்தம் பட்டால் சிதறும் என்ற குறைகள் மெய்தான். ஆனால் அவை பயன்படுத்தும் இடத்தைத்தான் வரையறுக்கின்றன: 1996இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது, பெரும்பாரம் சுமக்காத மண்டையோட்டுக் குறைகளைச் சீராக்கவே.