பாட்டில்லாப் படமும் பார்வையாளரும்: 'அந்த நாள்' தோற்றது ஏன்?

1954 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டையொட்டி, ஏவி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' திரைக்கு வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. 1943இல், சப்பானியரின் குண்டுவீச்சுக்கு ஆளான சென்னையில், வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஐயத்துக்கு உரியோர் தத்தம் நோக்கில் நடந்ததைக் கூறுகின்றனர்; கொன்றவர் யார் என்பது இறுதிவரை மறைபொருளாகவே நிற்கிறது. குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) இவ்வமைப்புக்குத் தூண்டுதலாயிற்று.

படத்துக்குப் பாராட்டு கிடைத்தது; தேசியத் திரைப்பட விருதுகளில் நற்சான்றிதழும் கிடைத்தது. வசூல் மட்டும் கிடைக்கவில்லை. பாட்டில்லாத படமா என்று பார்வையாளர் முணுமுணுத்ததைத் திரைவரலாற்று நூல்கள் தொடர்ந்து குறித்து வந்துள்ளன. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், மக்களின் இரசனைக் குறைவு என்பது. இவ்விளக்கம் எளிது, ஆனால் போதாது.

அக்காலத்தில் பாட்டு என்பது படத்தின் ஓர் உறுப்பு மட்டுமன்று. இசைத்தட்டாகவும், இலங்கை வானொலியின் ஒலிபரப்பாகவும், அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமாகவும் அது படத்துக்கு வெளியே உலவியது. படம் பார்க்கத் தூண்டியதும் அதுவே. பார்த்தவரை மீண்டும் அழைத்து வந்ததும் அதுவே. பாட்டின் இடத்தை வசனமும் நிரப்பக்கூடும். ஈராண்டுகளுக்கு முன் 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை மக்கள் மனப்பாடமாக ஒப்பித்தனர். அதே சிவாஜி கணேசன் 'அந்த நாளி'ல் தொடக்கத்திலேயே பிணமாகிறார். பின்னோக்குக் காட்சிகளில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக வெளிப்படுகிறார். வீட்டுக்கு எடுத்துச்செல்லப் பாட்டும் இல்லை, முழக்கமும் இல்லை, போற்றத்தக்க நாயகனும் இல்லை. எஞ்சியது ஓர் இரகசியம். அதுவும் ஒருமுறை அறிந்தபின் தீர்ந்துவிடுவது.

பாட்டின்மை ஒன்றே தோல்வியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்தித் திரையே சான்று. பி.ஆர். சோப்ராவின் 'கானூன்' (1960) பாட்டின்றி வந்து ஏற்பைப் பெற்றது. கொலையாளி யார் என்பதோடு, கண்ணால் கண்ட சாட்சியை நம்பி மரண தண்டனை வழங்கலாமா என்ற வழக்கையும் அது பார்வையாளர்முன் வைத்தது. மர்மம் அவிழ்ந்தபின்னும் அவ்வினா அவிழவில்லை.

ஆகவே, 1954இன் பார்வையாளர் அறியாமையால் ஒரு படத்தைப் புறக்கணித்தனர் என்பது பிற்காலத்தார் வழங்கிய தீர்ப்பு. திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய ஒன்றாகவே அவர்கள் திரைப்படத்தை அறிந்திருந்தனர். அந்த அளவுகோலால் இப்படத்தையும் அளந்தனர். இன்று 'அந்த நாளை'ப் பார்ப்போருள் பலர் கொன்றவர் யார் என்பதை முன்பே அறிந்தவர்கள். எனினும் மாருதி ராவின் ஒளிப்பதிவுக்காகவும் கதை பின்னப்பட்ட நேர்த்திக்காகவும் மீண்டும் பார்க்கின்றனர். இரகசியம் தீர்ந்த பின்னரே அப்படத்துக்கு மறுபார்வை வாய்த்தது.