இடம்பெயரும் முகவரிகள்

இடம்பெயர்வு எண்ட சொல்லை முள்ளியவளையில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இடம் மாறினால் முகவரி மாறும். அடையாள அட்டை இலக்கம் மாறாது. எதை மாற்றுவது, எதை விடுவது? கணினி நிரலிலும் இதே கேள்விதான்.

1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியது. ஒரு தரம் எழுதிய துணைநிரலை வேறு நிரலுடன் சேர்த்தால் அது நினைவகத்தில் வேறு இடத்தில் போய் அமரும். உள்ளே இருக்கிற முகவரிகள் பிழையாகிவிடும். கையால்தான் திருத்த வேண்டும்.

அதே ஆண்டு டேவிட் வீலர் வெறும் 41 கட்டளைகளில் இதற்கு வழி செய்தார். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் ஒரு எழுத்து. எஃப் என்றால் எண்ணைத் தொடாதே. தீட்டா என்றால் துணைநிரலின் தொடக்க முகவரியைக் கூட்டு. துணைநிரல் 100இல் தொடங்கினால் ‘5 தீட்டா’ 105 ஆகும். ‘5 எஃப்’ 5 ஆகவே இருக்கும்.

இன்றைய லிங்கரிடம் அந்த எழுத்துக்குப் பதிலாக ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த இடத்தைத் திருத்துவது, எந்தப் பெயரின் முகவரியால், எந்த வகையில். ஒரு வகை முழு முகவரியை எழுதும். இன்னொன்று தூரத்தை மட்டும் எழுதும். எங்கட வீடும் பக்கத்து வீடும் ஒண்டாவே இடம்பெயர்ந்தா இடையில இருக்கிற தூரம் மாறாதுதானே? அதனால் நிரலை எங்கே ஏற்றினாலும் அந்த வகையைத் திரும்பத் திருத்தத் தேவையில்லை.

நாங்கள் நிரல் எழுதிப் பழகேக்க லிங்கர் பிழை காட்டினா எரிச்சல்தான் வரும். பல தடவை அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: பட்டியலில் ஒரு பெயர் இருக்கு, அதின்ர முகவரி எங்கேயும் கிடைக்கேல்லை.