நார்வேயின் குழந்தைகள் குறைகேள் அதிகாரி

நார்வே நாட்டில் 18 வயது நிறையாத அனைவருக்காகவும் அரசிடமும் தனியார் அமைப்புகளிடமும் பேசுவதற்கென்று சட்டத்தால் உருவாக்கப்பட்ட பதவி குழந்தைகள் குறைகேள் அதிகாரி என்பதாகும். நார்வே மொழியில் இதன் பெயர் பார்னெ-ஓம்புட். 1981 மார்ச் 6ஆம் நாளிட்ட சட்டம் இப்பதவியைத் தோற்றுவித்தது. குழந்தைகளுக்கென்றே ஒரு தேசியச் சட்டத்தின் வழியாக ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரி பதவி அமைந்தது உலகில் அதுவே முதன்முறை. ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது 1989 நவம்பர் 20 அன்றுதான். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, பின்பற்ற முன்மாதிரி ஏதும் இல்லாத நிலையில், ஏறத்தாழ 40 லட்சம் மக்களைக் கொண்ட ஒரு சிறிய நாடு இதைச் செய்தது.

தோற்றம்

ஆம்புட்ஸ்மன் முறையின் தாயகம் ஸ்வீடன். 1809ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியாக, அரசு அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று நாடாளுமன்றத்தின் சார்பில் கண்காணிக்கும் பதவியை அந்நாடு ஏற்படுத்தியது. நார்வே இம்முறையைத் துறைதோறும் விரித்தது. 1952இல் படைவீரர்களுக்கும், 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது நிர்வாகத்துக்கும், 1970களில் நுகர்வோருக்கும் பாலினச் சமத்துவத்துக்கும் தனித்தனிக் குறைகேள் அதிகாரிகள் வந்தனர். இந்த வரிசையில் அடுத்து வந்தது குழந்தைகளின் முறை.

நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்கில் எதிர்ப்பு பலமாக இருந்தது. பெற்றோரின் அதிகாரம் குறைந்துவிடும் என்றனர் சிலர். பள்ளி, மருத்துவமனை, நலத்துறை எல்லாம் இருக்கும்போது இன்னோர் அலுவலகம் எதற்கு என்று கேட்டனர் வேறு சிலர். குறுகிய பெரும்பான்மையில்தான் சட்டம் நிறைவேறியது. இரண்டாவது கேள்விக்கு ஆதரவாளர்கள் தந்த விடை இன்றும் பொருந்தும். வாக்குரிமை இல்லாத, சங்கம் அமைத்துப் போராட முடியாத, சொந்தமாக வழக்குத் தொடுக்க வழியில்லாத ஒரு பகுதியினர் மக்கள்தொகையில் இருக்கிறார்கள். அவர்களைப் பாதிக்கும் முடிவுகளோ சாலைத் திட்டத்திலிருந்து வரிச் சட்டம் வரை எல்லாத் துறைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே பார்வையில் பார்க்கும் கடமை எந்தத் துறைக்கும் இல்லை.

கடமையும் அதிகாரமும்

சட்டம் சுருக்கமானது, ஒரு சில பிரிவுகளே கொண்டது. குழந்தைகளின் நலனை அரசு, தனியார் என்ற இரு தரப்பிடமும் முன்னெடுப்பதும், அவர்கள் வளரும் சூழல் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து கவனிப்பதும் அதிகாரியின் பொதுக்கடமை. திட்டமிடலில் குழந்தைகளின் நலன் இடம்பெறச் செய்தல், அவர்களைக் காக்கும் சட்டங்கள் நடைமுறையில் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்த்தல், அவர்களுடைய சட்டப் பாதுகாப்பை வலுப்படுத்தப் பரிந்துரைகள் வழங்குதல், அவர்களின் உரிமைகள் குறித்த செய்திகள் உரியவர்களைச் சென்றடையச் செய்தல் ஆகியவற்றைச் சட்டம் தனித்துக் குறிப்பிடுகிறது. நார்வே 1991இல் ஐ.நா. உடன்படிக்கையில் இணைந்தபின், 1998இல் செய்த திருத்தம் அவ்வுடன்படிக்கை நிறைவேற்றப்படுவதைக் கண்காணிக்கும் பொறுப்பையும் இப்பதவியிடம் ஒப்படைத்தது.

இப்பதவியின் உயிர்நாடி இரண்டு உரிமைகள். குழந்தைகளுக்கான எந்த நிறுவனத்துக்குள்ளும், அது அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், அதிகாரி தடையின்றி நுழையலாம். இரகசியக் காப்பு விதிகளால் மூடப்பட்ட ஆவணங்களையும் பணிக்குத் தேவையானால் கேட்டுப் பெறலாம். இது முதல் உரிமை. தம் எல்லைக்குட்பட்ட எதைப் பற்றியும் எவரும் கேட்காமலே கருத்துச் சொல்லலாம், அதை யாரிடம் சொல்வது என்பதையும் தாமே முடிவுசெய்யலாம் என்பது இரண்டாவது. பெற்றோரோ பள்ளியோ மனுப் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தையின் பெயரால் பிறர் எழுப்பும் குறை என்றால், இயன்றவரை அக்குழந்தையின் இசைவைப் பெற வேண்டும். அதன் பெயர் வெளிவராமல் காக்கவும் வேண்டும்.

இதற்கு அப்பால் அதிகாரம் மிகக் குறைவு. எந்த அலுவலகத்தின் ஆணையையும் இவரால் நீக்க முடியாது. தண்டம் விதிக்க முடியாது. வீட்டுக்குள் கணவன் மனைவிக்கிடையே அல்லது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே எழும் தனிப்பட்ட தகராறுகளிலும், நீதிமன்றத்தின் முன் உள்ள வழக்குகளிலும் தலையிட முடியாது. அப்படி வருவோருக்கு எந்த வாசலைத் தட்டலாம் என்று வழிகாட்டலாம், அவ்வளவே.

இந்த எல்லையை நார்வேயில் வாழும் இலங்கைத் தமிழர்கள் உட்பட, அங்கு குடியேறிய குடும்பங்கள் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பராமரிப்பில் வைக்கும் நடவடிக்கையைத் தொடங்குவது பார்னெவேர்ன் எனப்படும் உள்ளாட்சிக் குழந்தைகள் நலச் சேவை. முடிவெடுப்பது அதற்கென அமைந்த வாரியமும் பின்னர் நீதிமன்றமும். குறைகேள் அதிகாரி அச்சேவையின் கிளை அல்லர். அது எடுத்த முடிவைத் திருப்பும் மேல்முறையீட்டு அமைப்பும் அல்லர். அச்சேவையின் மீதான குற்றச்சாட்டுகள் நாட்டின் எல்லையைத் தாண்டின. ஒரு தத்துக்கொடுப்பு வழக்கில் குடும்ப வாழ்வுக்கான உரிமையை நார்வே மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

பதவி வகித்தோர்

அரசர் தலைமையில் கூடும் அமைச்சரவை அதிகாரியை நியமிக்கிறது. தொடக்கத்தில் பதவிக்காலம் 4 ஆண்டுகள். ஒருமுறை மறுநியமனம் உண்டு. பின்னர் அது மறுநியமனத்துக்கு இடமில்லாத 6 ஆண்டுகளாக மாற்றப்பட்டது. மீண்டும் பதவி கிடைக்குமா என்ற எண்ணத்தோடு அமைச்சரின் முகம் பார்க்க வேண்டிய நிலை இதனால் நீங்கியது.

முதல் அதிகாரி உளவியலாளர் மோல்ஃப்ரிட் குரூடெ ஃப்ளெக்கோய் (1981–1989). ஒரு சிறு அலுவலகத்தையும் ஒரு கையின் விரல்களில் எண்ணத்தக்க ஊழியர்களையும் வைத்துக்கொண்டு, முன்னுதாரணம் இல்லாத வேலைக்கு அவர் வடிவம் கொடுத்தார். அவருக்கு வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் எழுதியவை. குழந்தைகளே நேரடியாகப் பேச வழி தேவை என்பது அப்போதே தெரிந்தது. அடுத்து வந்த ட்ரொன்ட்-விகோ தோர்கெர்சன் (1989–1995) மருத்துவர். மனித உடலைப் பற்றிய தொலைக்காட்சித் தொடராலும் பாடல்களாலும் நாட்டின் பிள்ளைகள் அனைவரும் அறிந்த முகம். குழந்தைகள் அழைத்துத் தங்கள் மனக்குறையைப் பதிவுசெய்யும் தொலைபேசி இணைப்பு அவர் காலத்தில் புகழ்பெற்றது. ட்ரொன்ட் வோகெ (1996–2004), ரைதார் யெர்மன் (2004–2012), குழந்தை மருத்துவர் ஆன்னெ லின்ட்போ (2012–2018) ஆகியோர் தொடர்ந்தனர். 2018இல் பொறுப்பேற்ற இங்கா பேயெர் எங் சட்ட வல்லுநர். 2011 ஜூலை 22 பயங்கரவாதத் தாக்குதல் வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய இருவரில் ஒருவர். 2024இல் மினா கெர்ஹார்ட்சன் பதவிக்கு வந்தார்.

செயல்பாடு

இந்த அலுவலகத்தின் தொடக்ககால முயற்சிகளில் பெரிதாகப் பேசப்படுவது, பிள்ளைகளை அடிப்பதற்கு எதிரான சட்டம். ஸ்வீடன் 1979இல் உலகில் முதலாவதாக அதைத் தடைசெய்திருந்தது. நார்வேயிலும் அத்தகைய தடை வேண்டும் என்று ஃப்ளெக்கோய் வாதாடினார். 1987இல் சட்டம் வந்தது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றம், லேசான அடி சட்டத்துக்கு உட்பட்டதே என்று பொருள்படும் விளக்கத்தைத் தந்தது. 2010இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வளர்ப்பின் பெயரால் செய்யும் வன்முறைக்கும் தடை பொருந்தும் என்று எழுதிவைத்தது. சட்டம் இயற்றியதும் கலைந்துபோகும் இயக்கங்கள் உண்டு. இருபது ஆண்டு கழித்தும் அதே பொருளைக் கண்காணிக்க ஒரு நிலையான அலுவலகம் இருப்பதன் பயன் இத்தகைய தருணத்தில்தான் விளங்குகிறது.

நகரத் திட்டமிடலில் கிடைத்த மாற்றம் வெளியே அதிகம் தெரியாதது, ஆனால் ஆழமானது. குழந்தைகள் விளையாடும் திடலையும் நடக்கும் பாதையையும் கட்டுமானத் திட்டங்கள் விழுங்குவதைத் தடுக்க 1989இல் தேசிய வழிகாட்டு விதிகள் வந்தன. உள்ளாட்சிகளின் திட்டப்பணியில் குழந்தைகளின் நலனைக் கவனிக்க ஒருவரை நியமிக்கும் ஏற்பாடும் வந்தது. பள்ளியில் சக மாணவரைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 2002இல் பிரதமர், ஆசிரியர் சங்கம், பெற்றோர் அமைப்பு ஆகியோரோடு குறைகேள் அதிகாரியும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார். 2003இல் ஐ.நா. உடன்படிக்கை நார்வேயின் மனித உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, முரண்பாடு எழுந்தால் பிற சட்டங்களை விஞ்சும் நிலையைப் பெற்றது. குடும்ப வழக்குகளில் குழந்தையின் கருத்தைக் கட்டாயம் கேட்க வேண்டிய வயதும் 12இலிருந்து 7ஆகக் குறைந்தது. 2014இல் குழந்தை உரிமை அரசியலமைப்பின் 104ஆவது பிரிவானது.

உள்ளே நுழையும் உரிமையின் பலனை 2015இல் வெளியான ஓர் அறிக்கை காட்டுகிறது. குழந்தைகள் நல இல்லங்களிலும் மனநல மருத்துவப் பிரிவுகளிலும் பிள்ளைகள் மீது வலுக்கட்டாயம் பயன்படுத்தப்படுவது பற்றியது அது. உடலைப் பிடித்து அடக்குவது, தனிமைப்படுத்துவது போன்றவற்றை அனுபவித்தவர்களிடமே கேட்டு எழுதப்பட்டது. 2017இல் சிறப்புக் கல்வியின் தரம் குறித்தும், 2018இல் இளையோர் சந்திக்கும் பாலியல் அத்துமீறல் குறித்தும் அறிக்கைகள் வந்தன. ஒரு பிரச்சினையை நேரில் அனுபவித்த பிள்ளைகளைச் சிறு குழுவாகக் கூட்டி, அவர்களை அதில் வல்லுநர்களாக மதித்து, அவர்கள் சொல்வதை அமைச்சர்கள் முன் வைப்பது இந்த அலுவலகத்தின் தனிச்சிறப்பான முறை. மற்ற நாடுகள் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் இதையே முதலில் வைக்கத் தோன்றுகிறது.

தோல்விகளும் உண்டு. மருத்துவக் காரணமின்றிச் சிறுவர்களுக்குச் செய்யப்படும் விருத்தசேதனத்தை, சிறுவன் தானே முடிவெடுக்கும் வயது வரை தள்ளிப்போட வேண்டும் என்று லின்ட்போ வாதிட்டார். 2013 செப்டம்பரில் நார்டிக் நாடுகளின் குழந்தைகள் குறைகேள் அதிகாரிகள் இதைக் கூட்டாகவும் அறிவித்தனர். யூத, முஸ்லிம் சமூகங்கள் மதச் சுதந்திரத்தின் பெயரால் கடுமையாக எதிர்த்தன. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அச்சடங்கைத் தடைசெய்யாமல் மருத்துவக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. பெற்றோரின்றித் தஞ்சம் கேட்டு வரும் பிள்ளைகளின் நிலை இதைவிட வேதனையானது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைக் குழந்தைகள் நலத்துறை பராமரிக்க, 15 முதல் 17 வயதினரைக் குடிவரவுத் துறை தங்குமிடங்களில் வைத்திருக்கிறது. ஒரே உடன்படிக்கைக்கு உட்பட்ட குழந்தைகளை இப்படி இரண்டாகப் பிரிப்பதை அடுத்தடுத்த அதிகாரிகள் கண்டித்தும் அரசு அசையவில்லை. குழந்தைகள் நேரடியாக ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் 2011ஆம் ஆண்டு நெறிமுறையில் சேருமாறு வலியுறுத்தியபோதும், சேர வேண்டாம் என்றே அரசு 2016இல் பரிந்துரைத்தது.

தன்னுரிமை பற்றிய கேள்வி

இப்பதவியின் மீது வைக்கத்தக்க பெரிய குறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பொது நிர்வாகத்துக்கான குறைகேள் அதிகாரியை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. குழந்தைகளுக்கானவரை அரசே நியமிக்கிறது, நிதியும் அமைச்சகத்தின் வழியாகவே வருகிறது. பணியில் அமைச்சகம் தலையிடக் கூடாது என்பது விதி, நடைமுறையிலும் அதிகாரிகள் அரசை வெளிப்படையாக விமர்சித்தே வந்திருக்கிறார்கள். ஆயினும் ஒருவரின் துணிவை நம்பி நிற்கும் தன்னுரிமை உறுதியானதாகாது. தேசிய மனித உரிமை அமைப்புகளுக்காக ஐ.நா. 1993இல் ஏற்ற பாரிஸ் கோட்பாடுகளும், குழந்தை உரிமைக் குழு 2002இல் வெளியிட்ட இரண்டாவது பொதுக்கருத்துரையும் அமைப்பு முறையிலேயே சுதந்திரம் வேண்டும் என்கின்றன.

பரவல்

கோஸ்டா ரிக்கா 1987இலும் ஸ்வீடன் 1993இலும் இவ்வழியில் வந்தன. ஐஸ்லாந்து, போலந்து, அயர்லாந்து, பின்லாந்து ஆகியவை பின்தொடர்ந்தன. போலந்தில் இப்பதவிக்கு 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இடம் உண்டு. வேல்ஸ், குழந்தைகள் இல்லங்களில் நடந்த கொடுமைகள் குறித்த விசாரணைக்குப் பின் 2001இல் பிரிட்டனில் முதல் ஆணையரை நியமித்தது. கிரீஸ் தனிப் பதவி அமைக்காமல் பொதுக் குறைகேள் அலுவலகத்துக்குள்ளேயே துணை அதிகாரி ஒருவரிடம் இப்பொறுப்பைக் கொடுத்தது. 1997இல் நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் ஐரோப்பிய குழந்தைகள் ஆம்புட்ஸ்மன்களின் கூட்டமைப்பு உருவானது.

இந்தியா வேறு பாதையை எடுத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2007இல் அமைந்த தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாநில ஆணையங்களுக்கும், சாட்சிகளை வரவழைப்பது போன்றவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு நிகரான விசாரணை அதிகாரம் உண்டு. தாளில் பார்த்தால் நார்வே அதிகாரியைவிட வலிமையானவை. ஆனால் பதவிக்காலப் பாதுகாப்பு, முன்னறிவிப்பின்றி உள்ளே நுழைந்து பார்ப்பது, பார்த்ததை வெளியே சொல்வது, பிள்ளைகளின் வாய்மொழியையே சான்றாகக் கொள்வது ஆகியவை இல்லாவிட்டால் எந்த விசாரணை அதிகாரமும் இல்லங்களின் பூட்டிய அறைகளுக்குள் எட்டாது. இவ்வகை அமைப்பை மதிப்பிட விரும்புவோர், அதன் தலைவரை யார் நியமிக்கிறார், அவர் எந்தக் கதவையும் திறக்க முடியுமா, கடைசியாக எந்தக் குழந்தைகளிடம் பேசினார் என்று கேட்கத் தொடங்கட்டும்.